எடுப்புத் தாளம்

ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் டிரம் அடித்த மனுஷனுடைய அடக்கத்தில் டிரம் அடிக்கவில்லை. நாங்கள் போகாமல் இல்லை. பேண்டு செட் முழுக்க சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு அவர் வீட்டு வேலியோரம் நின்றோம். பெட்டியை மூடப்போகிற நேரத்தில் அவருடைய மகள் ஷைனி படியிறங்கி நேராக என்னிடம் வந்தாள்.

"சித்தப்பா, அடிக்காண்டாம்" என்றாள்.

"ஏம் பிள்ளே?"

"அடிச்சா எழும்பி நடக்கணும்னு நினைப்பாரு. நடந்தது போதும். படுத்துக் கெடக்கட்டு."

பேண்டு மாஸ்டருக்குக் கோபம் ஏறிவிட்டது. பிள்ளைக்குக் கிறுக்கா, நாளைக்கு ஊர் நம்மைத்தானே பேசும் என்று முணுமுணுத்தார். "நீரு சும்மா இரும்" என்றேன். அவளுடைய கல்யாணத்தன்று கோவிலுக்குள் நின்றவர்களுக்கு அவள் சொன்னதன் அர்த்தம் தெரியும். மாஸ்டரும் அன்றைக்கு அங்கேதான் நின்றார், ஆனால் அவருக்கு எதுவும் மண்டையில் ஏறாது. சத்தமில்லாமல் பெட்டியைத் தூக்கிப் போனார்கள். தாளம் இல்லாததால் சுமந்த ஆட்கள் ஆளுக்கொரு எட்டு வைத்தார்கள், பெட்டி ஏகத்துக்குக் குலுங்கியது. அவர் உயிரோடிருந்தால் அந்த ஆறு பேரையும் கெட்ட வார்த்தை சொல்லியிருப்பார்.

நான் கிளாரினெட் வாசிக்கிறவன். புதுக்கடை முக்கில் மிக்சி, ஃபேன் ரிப்பேர் பார்க்கிற கடை ஒன்று வைத்திருக்கிறேன். அது வயிற்றுக்கு. கிளாரினெட் என் கிறுக்குக்கு. அவர் பெரிய டிரம். கடற்கரைக் குடும்பம்தான், ஆனால் வள்ளத்தில் போனால் வாந்தியெடுப்பார். அதனால் கரையில் வலை பின்னிக்கொடுத்து, மற்ற நேரமெல்லாம் டிரம்மோடு கிடந்தார். ஊரில் அவரை டிரம்காரர் என்றே சொல்வார்கள். எனக்கு அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, ஆனால் என் சொந்த அண்ணனிடம் இத்தனை வருஷம் நான் பேசியிருக்க மாட்டேன்.

அவருக்குள் எந்நேரமும் ஏதோ ஒரு தாளம் ஓடிக்கொண்டிருக்கும். தேங்காய்ப்பட்டணம் பஸ்ஸில் ஏறினால் முன்சீட்டுக் கம்பியில் விரல் தட்டிக்கொண்டே வருவார். டிரைவர் கியர் மாற்றுவதில் தடுமாறினால், "ஏலே, தப்பிப் போச்சு பாரு!" என்று பின்னாலிருந்து கத்துவார். பூசையில் பாட்டுக்குழு இழுத்துப் பாடினால் எழும்பி வெளியே போய் நிற்பார். பங்குச்சாமியார் ஒருமுறை கூப்பிட்டுக் கண்டித்தார். "நான் சேசுவை விட்டு வெளிய போவல ஃபாதர், கீபோர்டுகாரனை விட்டுத்தான் போனேன்" என்றார். சாமியார் சிரித்துவிட்டார்.

அண்ணி அவருக்குச் சரியான ஜோடி. மனுஷன் வீட்டில் கிடந்து தொல்லை பண்ணினால் அவள் மரச்சீனிக் கிழங்கை எடுத்துவைத்துக்கொண்டு, வேண்டுமென்றே தப்பித் தப்பி வெட்டுவாள். ஒரு வெட்டு, சற்று நேரம் சும்மா, பிறகு படபடவென்று இரண்டு, மறுபடி சும்மா. அவர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுவார். "வீட்டுல கெடக்குத ஆம்பிளைய வெளியேத்த இதவிட கொள்ளாவுன்ன வழி உண்டா தம்பி?" என்று என்னிடம் கேட்பாள். அவள் சிரித்தால் முழுத் தெருவுக்கும் கேட்கும்.

கல்யாண ஊர்வலத்தில் அவர் அடிக்கிற அடிக்குக் கிழவிகளுக்கும் கால் நிற்காது. ஆனாலும் ஊர் அவரை மதித்தது எடுப்புத் தாளத்துக்காகத்தான். சவம் எடுக்கும்போது அடிக்கிற தாளம். ஒரு அடி விழும். பிறகு ஒன்றுமே இருக்காது. புதிதாய்க் கேட்கிறவன் இவர் மறந்துபோனார் என்று திரும்பிப் பார்ப்பான், அப்போது அடுத்தது விழும். எங்கள் ஊரில் வீட்டிலிருந்து கல்லறைவரை மணல். சுமக்கிறவர்களில் பாதிப்பேர் அழுதிருப்பார்கள், பாதிப்பேர் குடித்திருப்பார்கள். இவர் அடிக்கு ஒரு எட்டு, அடுத்த அடிக்கு மறு எட்டு என்று அத்தனைபேர் காலையும் ஒன்றாக்கிவிடுவார்.

"பெட்டிக்க உள்ள கெடக்கவனுக்குக் குலுக்கம் தட்டப்படாது மக்கா. அவன் வாய் தொறந்து சொல்ல மாட்டான். நாமதான் பாத்துக்கிடணும்" என்பார்.

பல வருஷம் முகம் பார்க்காத இரண்டு சகோதரர்கள் ஒருதடவை தகப்பன் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். சின்னவன் வேண்டுமென்றே எட்டி வைக்கிறான், மற்றவன் வேண்டுமென்றே பிந்துகிறான். கிழவர் பெட்டிக்குள் அங்கேயும் இங்கேயும் இடிபடுகிறார். இவர் டிரம்மோடு பெட்டிக்குப் பக்கத்தில் போய், சின்னவன் காதோரம் அடிக்க ஆரம்பித்தார். பைய, பைய, இன்னும் பைய. அந்தப் பயல் கொஞ்ச தூரம் எதிர்த்துப் பார்த்தான். பிறகு அவன் கால் அவன் சொல்லைக் கேட்கவில்லை. கல்லறை வாசலில் இரண்டு பேரும் ஒரே எட்டில் நுழைந்தார்கள். அதற்குப் பிறகும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம்.

கடல் தாளத்தை அறிந்த இவர் சுனாமியை முன்கூட்டியே உணர்ந்தார் என்று ஒரு பத்திரிகைக்காரன் எழுதிப் போட்டான். சுத்தப் பொய். கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. முந்தினநாள் அடித்த களைப்பில் மனுஷன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பலகாரம் கொண்டுவந்த பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அண்ணி கரையோரத்தில் இருந்த தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த வீடும் இல்லை, தங்கையும் இல்லை, பாத்திரமும் இல்லை. அண்ணியை மட்டும் தென்னந்தோப்புக்குள் கண்டெடுத்தார்கள்.

அப்போது பெட்டியெல்லாம் யாருக்கும் கிடைக்கவில்லை. கோவிலுக்குப் பக்கத்தில் ஜேசிபி வைத்துப் பள்ளம் தோண்டினார்கள். மூக்கில் துணி கட்டிய ஆட்கள், பிளீச்சிங் பவுடர் நாற்றம், சீக்கிரம் சீக்கிரம் என்று அதட்டுகிற அதிகாரிகள். சுமந்து போவதும் இல்லை, ஊர்வலமும் இல்லை. இறக்கினார்கள், மண்ணைத் தள்ளினார்கள்.

இவர் எங்கே போனார் என்று தேடிக்கொண்டிருந்தேன். கோவில் மாடியில் இருந்த டிரம்மை எடுத்து மாட்டிக்கொண்டு பள்ளத்து விளிம்புக்கு வந்து நின்றார். சட்டை இல்லை. அடிக்க ஆரம்பித்தார். ஜேசிபி தன்பாட்டுக்குப் படபடவென்று மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தது. இவர் கத்தினார், "ஏலே, பைய போடுலே! உள்ள ஆளு கெடக்கு!"

டிரைவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். இவரைப் பார்த்தான், டிரம்மைப் பார்த்தான். அதிகாரி விசிலடித்தது அவனுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. ஆனால் அதற்குப் பிறகு அவன் ஒவ்வொரு அள்ளலையும் தூக்கி நிறுத்திக் காத்திருந்து, அடி விழும்போது மெல்லச் சாய்த்தான். அந்த இயந்திரத்தை அவ்வளவு மெதுவாக ஓட்டி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"நடத்திக் கொண்டு போவலியே மக்கா. இத்தனை பேரை நடத்துனேன். எனக்கவள வண்டியில போட்டுல்லா கொண்டு வந்தாவ" என்று பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பீடி கொடுப்பேன்.

அதற்கப்புறம் நடந்த முதல் கல்யாணத்தில், மணவாளக்குறிச்சியில், ஊர்வலத்தின் நடுவில் அவர் கை மெதுவானது. நாங்கள் சினிமாப் பாட்டு வாசிக்கிறோம், இவர் பின்னால் பின்னால் போகிறார். கடைசியில் அது எடுப்புத் தாளமாகவே ஆகிவிட்டது. பெண்வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். மாஸ்டர் டிரம்மைப் பிடுங்கிக்கொண்டார். "வேகமா அடிச்சா கை வர மாட்டேங்கு" என்றார் இவர். பெண்டாட்டி போன துக்கம் என்று ஊர் சொன்னது. நானும் அதையேதான் சொன்னேன். அன்றிலிருந்து அவரைச் சாவுக்கு மட்டும் கூப்பிட்டோம்.

அது துக்கம் மட்டும் இல்லை என்பது சில வருஷம் கழித்து நாகர்கோவிலில் நரம்பு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. முகம் மரத்துப்போய், முதுகு வளைந்து, கண் எப்போதும் தரையையே பார்த்தது. எல்லாவற்றையும்விடக் கொடுமை கால். வாசற்படி வந்தால் இரண்டு பாதமும் தரையில் ஒட்டிக்கொள்ளும். மேல் உடம்பு முன்னே சாயும், கால் வராது. ஷைனி பள்ளிக்கூடம் முடித்து ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், வேலையை விட்டுவிட்டு அப்பனோடு கிடந்தாள்.

"நடக்கிறதுக்கு மூளைக்குள்ள ஒரு தாளம் ஓடிட்டே இருக்கணும். நமக்குத் தெரியாமலே அது ஓடும். இவருக்கு அது நின்னு நின்னு போகுது" என்றார் டாக்டர். "வெளியே இருந்து சத்தம் கேட்டா காதுவழியா வேற பாதையில கால் எழும்பும். அதை வச்சுப் பழக்குங்க."

ரிப்பேர்காரனுக்கு இது புரியாதா? ஒரு ஒயர் போனால் மறு ஒயரில் இழுத்துவிடுகிற கதைதான். "இது எப்ப தொடங்கினது டாக்டர்?" என்று கேட்டேன். சில வருஷமாகவே இருக்கும், கை வேகம் குறைந்ததை யாரும் கவனிக்கவில்லையா என்றார். நானும் ஷைனியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "அது அம்மா போன துக்கம்னுல்லா நெனச்சோம்" என்றாள் அவள். "அதுவும் இருந்திருக்கும்மா" என்றார் டாக்டர். நல்ல மனுஷன்.

செல்போனில் டிக் டிக் என்று அடிக்கிற ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "சவத்த நிறுத்து, தையல் மெசினு மாதிரி கெடக்கு" என்றார். பிடிக்காதது போகட்டும், அந்த வேகத்துக்குக் கால் எழும்பியதும் சின்னச் சின்ன எட்டாக ஓட ஆரம்பித்து, முன்பக்கமாய்க் குப்புற விழுந்தார். மார்ச் வாசித்துப் பார்த்தேன், கீர்த்தனை வாசித்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஓடினார், எல்லாவற்றுக்கும் விழுந்தார். நெற்றியில் தையல் போட்டார்கள்.

அப்படியிருக்கையில் பக்கத்துத் தெருவில் ஒரு இளவட்டத்தின் அடக்கம். அண்ணன் வாசற்படியில் ஒட்டிப்போய் நிற்கிறார். ஷைனி கையைப் பிடித்து இழுக்கிறாள். நாங்கள் பேண்டு வாசித்துக்கொண்டு தெரு திரும்பினோம். பெரிய டிரம்மை அப்போது வேறொருவன் அடித்தான், ஆனால் தாளம் இவருடையது. ஒரு அடி விழுந்தது, இவர் வலதுகால் எழும்பியது. அடுத்த அடி, இடதுகால். படியிறங்கி, தெருவுக்கு வந்து, பெட்டிக்குப் பின்னால் நிமிர்ந்து நடந்தார். நான் வாசிப்பை விட்டுவிட்டு அவரையே பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார், "மக்கா, கால் வருதுலே! கால் வருது!"

செத்துப்போனவனின் அண்ணன் பாய்ந்துவந்து இவர் சட்டையைப் பிடித்தான். "எனக்கத் தம்பி பெட்டியில கெடக்கான், உமக்குக் கொண்டாட்டமா?" நாங்கள் விலக்கிவிட்டோம். அவனைக் குற்றம் சொல்ல முடியுமா? இவரையும் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு ஊரில் எடுப்பு என்றால் இவர் வந்து நிற்பதும், யாராவது திட்டி விரட்டுவதும் வழக்கமானது. டிரம்காரருக்கு அடக்கம்தான் திருநாள் என்று கேலி பேசினார்கள். அடுத்தது யார் வீட்டில் என்று பார்க்க வருகிறார் என்று பெண்கள் கதவைச் சாத்தினார்கள்.

ஷைனி ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துவைத்துக்கொண்டாள். காலையில் அப்பனைக் கக்கூசுக்குக் கொண்டுபோக, குளிப்பாட்ட, வெயிலில் உட்காரவைக்க, வாளியில் எடுப்புத் தாளம் அடிப்பாள். மனுஷன் ராஜா மாதிரி நடப்பார். அவ்வளவு மெதுவாக அடித்தால்தான் கால் கேட்கும். எங்கள் ஊரில் அவ்வளவு மெதுவாக அடித்தால் அதற்குச் சாவு என்று மட்டும்தான் அர்த்தம். விடிந்ததும் விடியாததுமாகச் சாவுத் தாளம் கேட்டு எழும்ப யாருக்குப் பிடிக்கும்? அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு அந்த வருஷம் கர்ப்பம் கலைந்தது. பழி வாளியின் தலையில் விழுந்தது. அந்தப் பெண்ணின் மாமியார் வந்து வாளியை மிதித்து உடைத்தாள்.

அன்றிலிருந்து உள்ளங்கையால் அப்பன் முதுகில் தட்டி நடத்தினாள். வீட்டுக்குள் அது ஓரளவு உதவியது. வாசற்படியிலும் ஆள்கூட்டத்திலும் உதவாது. அங்கே சத்தம் வேண்டும்.

அவளைப் பெண்கேட்டு வந்தவர்கள் இரண்டு தடவை தெருமுனையிலேயே திரும்பினார்கள். தினமும் சாவுத் தாளம் அடிக்கிற வீடாம். அண்ணனுக்கு அது தெரிந்தது. "நான் செத்தாதான் பிள்ளைக்கு வழி பிறக்கும்" என்பார். "அதுக்கும் உமக்குத் தாளம் போட ஆளு வேணுமே" என்று நான் கிண்டல் பண்ணினால், மரத்துப்போன அந்த முகத்தில் வாயோரம் மட்டும் லேசாக இழுக்கும். அதுதான் அவர் சிரிப்பு.

கடைசியில் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அமைதியான பையன். அவனுடைய அம்மாவும் மோசமான பொம்பிளை இல்லை. ஷைனியைக் கண்டதும் பிடித்துப்போய், தன் கழுத்திலிருந்த தங்க மாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டாள். ஒரே ஒரு காரியம் மட்டும் கேட்டாள். மூத்த மகனைக் கடலில் பறிகொடுத்தவள் அவள்.

"அந்தச் சத்தம் மட்டும் கல்யாணத்துல எனக்கக் காதுல விழப்படாது. ஒருக்கா கேட்டாச்சு. அது கேட்டா நான் இருக்க மாட்டேன், எனக்க மவனையும் இருக்க விட மாட்டேன். பிள்ளைய தாய்மாமன் கூட்டிட்டு வரட்டு. பிள்ளைக்க அப்பா முன்னால நாற்காலியில இருக்கட்டு."

கோவில் வாசலிலிருந்து பீடம்வரை தகப்பன் மகளைக் கைபிடித்துக் கொண்டுபோய் மாப்பிள்ளை கையில் கொடுப்பது எங்கள் வழக்கம். அண்ணன் அப்போது சரி என்று தலையை ஆட்டிவிட்டார். அவர்கள் போனபிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். நடுங்குகிற கை, ஆனால் பிடி இரும்பு.

"மக்கா, இவளுக்க அம்மைய நான் நடத்திக் கொண்டு போவல. இவளையாவது நடத்தணும். சத்தம் இல்லாம நடந்தா போதும்லா? நான் நடப்பேன்."

பழகினோம். வலைக்கொட்டகைக்குப் பின்னால் தினமும் சாயங்காலம் ஷைனி அவர் முதுகில் கைவைத்துத் தட்ட, அவர் நடப்பார். நான் முன்னால் மாப்பிள்ளையாக நிற்பேன். "மாப்பிள்ளைக்கு வயிறு ஜாஸ்தி" என்று ஷைனி கேலி பண்ணுவாள். அவர் என் காலடிவரை வந்து, மகள் கையை எடுத்து என் கையில் வைப்பார். தலை நிமிராததால் என் முகத்தைப் பார்க்க முடியாது. செருப்பைப் பார்த்துத்தான் வந்துவிட்டதைத் தெரிந்துகொள்வார். பையனுடைய அம்மாவிடம் போய்ச் சொன்னேன். சத்தம் இல்லாமல் நடந்தால் நடக்கட்டும் என்றாள். பெரிய மனசுதான்.

கல்யாணத்தன்று பேண்டு செட் கோவில் வாசலில் நின்றது. பூசை முடிந்து ஊர்வலத்துக்கு வாசிக்க வேண்டும். அண்ணன் வெள்ளை வேட்டி, சந்தன நிறச் சட்டை. ஷைனி பக்கத்தில் நின்று முதுகில் தட்டினாள். வாசற்படி தாண்டியதும் எனக்குப் போன உயிர் வந்தது. பாட்டுக்குழு பாட ஆரம்பித்தது. அவர் நடந்தார். ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பீடத்துக்குப் பாதி வழி வந்தாயிற்று.

அப்போது வீடியோக்காரன் அவர்களுக்கு முன்னால் லைட்டைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து வந்தான். திடீரென்று அவன் நின்றான். அவர் கண்ணுக்குமுன்னால் வழி மறைந்தது. கால் ஒட்டிக்கொண்டது.

ஷைனி தட்டினாள். மறுபடி தட்டினாள். பாட்டு முடிந்து, திரும்பவும் முதலிலிருந்து பாடினார்கள். அவர் உடம்பு முன்னால் சாய்கிறது, பாதம் அசையவில்லை. வேர்வை சொட்டுகிறது. தாய்மாமன் எழும்பி வந்து ஷைனியின் மறு கையைப் பிடித்தான். "விடு பிள்ளே, நான் கூட்டிட்டுப் போறேன். அப்பாவ நாற்காலியில இருத்தலாம்." அண்ணன் மகள் கையை விடவில்லை. மாமன் பக்கம் முகத்தைத் திருப்பி, வாய் திறந்து ஏதோ சொல்ல முயன்றார், சத்தம் வரவில்லை. அந்த வாய் அசைவு எனக்குத் தெரியும். நடப்பேன், நடப்பேன்.

ஷைனி மாமன் கையை உதறினாள். திரும்பி, அத்தனை தலைகளுக்கும் மேலே வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"சித்தப்பா, அடியுங்க."

கோவில் முழுக்கக் கேட்டது. பாட்டு நின்றது. பெரிய டிரம் மாட்டியிருந்தவனைப் பார்த்தேன். அவன் பின்வாங்கினான். "என்னால ஏலாது அண்ணே, வீட்டுல பெண்டாட்டி முழுகாம இருக்கா." கிளாரினெட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு, டிரம்மைக் கழற்றி நான் மாட்டிக்கொண்டேன். மாஸ்டர் என் தோளைப் பிடித்தார். போரும் ஓய் என்றேன். அடித்தேன்.

அவர் வலதுகால் எழும்பியது. அடித்துக்கொண்டே உள்ளே, அவர்கள் பின்னால் போனேன்.

வலதுபக்கப் பெஞ்சில் முதல் வரிசையில் பையனுடைய அம்மா சேலை முந்தானையால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழும்பினாள். அவள் அழுததை நான் பார்த்தேன். பக்கத்துவாசல் வழியாகப் போனாள். அவள் பின்னால் மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக எழும்பினார்கள். பெஞ்சுகள் காலியாவது எனக்குத் தெரிகிறது. நான் நிறுத்தினால் அவர் நடுவழியில் விழுவார். நிறுத்தாவிட்டால் ஷைனியின் வாழ்க்கை போகிறது. ஷைனியைப் பார்த்தேன். அவளும் அந்தப் பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டுதான் நடந்தாள்.

"நிறுத்தாதீங்க சித்தப்பா" என்றாள்.

அண்ணனுக்கு எதுவும் தெரியாது. அவர் கண் தரையில் இருந்தது. எடுத்த ஒவ்வொரு எட்டும் சரியாக விழுந்தது, அவர் நடத்திய எந்தப் பெட்டிக்கும் அப்படி விழுந்ததில்லை. பீடத்துப் படியருகே அந்தப் பையன் மட்டும் நின்றான். பக்கத்துவாசலைப் பார்த்தான், இவளைப் பார்த்தான். "அம்மா தனியா..." என்று ஏதோ சொன்னான். போ என்பதுபோல ஷைனி தலையை ஆட்டினாள். அவன் மோசமானவன் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். போனான்.

அவர்கள் பீடத்துக்கு வந்துசேர்ந்தார்கள். நான் நிறுத்தினேன். அண்ணன் மகள் கையை எடுத்து, பழகின மாதிரியே முன்னால் நீட்டினார். நீட்டியபடி நின்றார். கண் தரையில் அங்கேயும் இங்கேயும் தேடியது. ஷூவைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

"மாப்பிள்ளைக்கக் காலு எங்க மக்களே?" என்றார்.

சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். ஷைனி நீட்டியிருந்த தன் கையைத் திருப்பி, அப்பன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நடந்தாச்சுலா அப்பா. கொண்டு விட்டாச்சு. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

அவர் கால் ஒட்டியிருந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"சித்தப்பா, திரும்ப அடியுங்க."

அடித்தேன். அவர்கள் வாசலை நோக்கி நடந்தார்கள். இடதுபக்கப் பெஞ்சிலிருந்த எங்கள் ஆட்கள் எழும்பி, யாரும் சொல்லாமலே அந்த எட்டில் பின்னால் வந்தார்கள்.